பழைய பொற்காசு வாங்குமுன்: ஒரு நகை மதிப்பீட்டாளர் சொல்வது

கும்பகோணத்தில் நகைக்கடன் கவுண்டரில் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடகுக்கு வரும் காசு மாலைகளைப் புரட்டிப் புரட்டித்தான் பழங்காசு மேல் ஆசை வந்தது. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "தங்கம் அசல்தானே?" என்றுதான். தங்கம் அசலாக இருக்கும், காசு போலியாக இருக்கும். மாலை கோர்ப்பதற்கென்றே நம் பக்கத்தில் அச்சு வைத்துப் பவுன் காசு அடித்திருக்கிறார்கள். போன நூற்றாண்டில் லெபனானிலும் நல்ல தங்கத்திலேயே போலிப் பவுன் அடித்து உலகமெல்லாம் விட்டார்கள். தங்கத்தின் சுத்தத்தை அளக்கும் கேரட் மீட்டரில் வைத்தால் 916, அதாவது 22 கேரட், காட்டும். அடகுக்கு அது போதும், சேகரிப்புக்குப் போதாது.

தொடங்குவதற்குக் குதிரைப் பவுனே சரி, அதாவது பிரிட்டிஷ்காரர்களின் சாவரின் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் இருந்து நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். பவுன் என்றால் 8 கிராம் என்று நாம் வாயால் சொல்கிறோமே தவிர, அசல் காசின் எடை 7.99 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய 24 கேரட் விலையை 7.32-ஆல் பெருக்குங்கள், அதுதான் அடிவிலை. சாதாரண வருடத்துக் காசுக்கு அதற்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம். "அபூர்வம் சார்" என்று இரட்டிப்பு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தண்ணீர்ச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். பூஜ்யமாக்கும் முன்பே தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் ஒட்டாது. தராசு இப்போது 0.45 அல்லது 0.46 காட்ட வேண்டும். 7.99-ஐ அதால் வகுத்தால் பதினேழரைக்குப் பக்கம் வரும், அதுதான் 22 கேரட்டின் அடர்த்தி. 0.6, 0.7 என்று காட்டினால் உள்ளே வேறு சரக்கு. உரைகல்லில் மட்டும் தேய்க்காதீர்கள். நகையில் ஒரு கோடு விழுந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, காசில் விழுந்தால் அது காயம்.

இதில் தேறியது தங்கம்தான். காசு தேற பத்து மடங்கு பூதக்கண்ணாடி வேண்டும். வருடத்துக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டில் சில காசுகளில் ஒரு குட்டி எழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், எஸ்ஏ தென்னாப்பிரிக்கா. ஐ என்றால் நம் பம்பாய். அங்கே அடித்தது 1918 என்ற ஒரே வருடக் காசுதான். பழங்காசில் வேறு வருடத்தோடு ஐ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 1935 என்று போட்டிருந்தாலும் அப்படித்தான்; அவர் தலை போட்ட பவுன் 1932-ஓடு நின்றுவிட்டது. அச்சு வெட்டிய ஆசாரிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் எதற்கு? அவருக்கு மாலை அழகாக இருந்தால் சரி. அப்புறம் விளிம்பை ஒட்டிய பல்வரிசையைப் பாருங்கள். அசலில் ஒரே சீராக ஓடும். போலியில் அங்கங்கே மழுங்கி, வெற்றிடத்தில் பருப்பருவாக மேடு தெரியும்.

காசு மாலையிலிருந்து பிரித்த காசுகளின் தலைமாட்டில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். மெருகு போட்டு மறைத்திருந்தாலும் விளிம்பின் வரிகள் அந்த இடத்தில் மட்டும் அறுந்து போயிருக்கும். இவை மலிவு. கண் பழக, நான் இவற்றைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது வராகன், தென்னாட்டில் புழங்கிய பழைய பொற்காசு. சுமார் 3.4 கிராம். விஜயநகரக் காசுகளில் ஒரு பக்கம் தெய்வ உருவம், மறுபக்கம் ராஜா பெயர் நாகரி எழுத்தில் மூன்று வரி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் அடித்த மூன்று சாமி வராகனில் பெருமாள் இரு தேவியரோடு நிற்பார், பின்புறம் முழுக்கப் புள்ளி. டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை வைத்திருந்த நாகப்பட்டினத்திலும் வராகன் அடித்தார்கள், நமக்கு அது உள்ளூர்ச் சரக்கு. பணம் எனும் பொடித் தங்கக்காசு அரை கிராம்கூட இருக்காது, சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. தண்ணீர்ச் சோதனை இதற்கு உதவாது, வீட்டுத் தராசுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.

சோழர் பொற்காசு? ஆசையை விடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு வட்டி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு காசு புழங்கிய மண்தான் இது. ஆனாலும் ஆற்று மணலை அரிப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் ராஜராஜன் பெயர். அதற்குத் தங்க முலாம் பூசி, பட்டுத்துணியில் சுற்றி, "வீடு கட்டக் குழி வெட்டினப்ப வந்துச்சு" என்று காதோடு சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். முலாம் என்றால் ஏமாற்று. நிஜமாகவே குழியில் வந்தது என்றால் இன்னும் மோசம். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-லிருந்தே சட்டம் அப்படி. திருவானைக்காவல் கோயிலில் 2020-இல் குடத்தோடு கிடைத்த 505 பொற்காசுகளும் அதிகாரிகள் கைக்குத்தான் போயின.

நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள் ஆகிவிடும், தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு 1911 பவுனைக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். பில்லில் வருடம், எடை, ராஜா பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெறுமனே "கோல்டு காயின்" என்று போட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு புளி, பூந்திக்கொட்டை எதுவும் வேண்டாம். பத்தரிடம் மெருகுக்கும் கொடுக்காதீர்கள். 22 கேரட்டில் இருக்கும் செம்பினால் சிவப்புப் புள்ளி வரலாம், வரட்டும். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில் ஒன்று ஒன்றாகப் போடுங்கள். யாரிடம், என்றைக்கு, என்ன விலைக்கு வாங்கினீர்கள், தண்ணீரில் எவ்வளவு காட்டியது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உறையோடு லாக்கரில் வையுங்கள். பில்லின் நகல் வீட்டில் இருக்கட்டும்.