ரெண்டு பேர், மூணு வைரஸ், ஒரே வீடு: நாங்க எப்படி சமாளிக்கிறோம்

எனக்கு எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் பி.யும் இருக்கு, வீட்டுக்காரருக்கு பிறப்புறுப்புல கொப்புளம் வர்ற ஹெர்பிஸ், கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, அவருக்கு இன்னிக்கு வரைக்கும் எச்.ஐ.வி. நெகட்டிவ்தான். ஒரு வைரஸ்னா சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்க, ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா ஏஆர்டி சென்டர்ல (எச்.ஐ.வி. மாத்திரை குடுக்கற இடம்) ஒண்ணு சொல்வாங்க, தோல் டாக்டர் ஒண்ணு சொல்வார், கல்லீரலுக்கு வேற ஓபி, எல்லாத்தையும் கோர்த்து பார்க்க வேண்டியது நாமதான். அதனாலதான் இதை எழுதறேன்.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க, ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு பக்கம். எப்படி பரவும், எதால தடுக்கலாம், அடுத்த டெஸ்ட் எப்போ, இவ்வளவு போதும். எதுக்குன்னா, என் வைரல் லோடு, அதாவது ரத்தத்துல எச்.ஐ.வி. எவ்வளவு இருக்குன்னு பார்க்கற டெஸ்ட், ரிப்போர்ட்ல வைரஸ் தெரியலன்னு வந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டே இவர் கேட்டார், "அப்ப இனிமே எதுக்கும் பயமில்லைல?" நானும் ஆமாங்கன்னு தலையாட்டிட்டேன். உள்ள கவுன்சலர் அக்காகிட்ட சொன்னப்பதான், "அது எச்.ஐ.வி.க்கு மட்டும்மா, மத்ததுக்கு அந்த பேப்பர் செல்லாது"ன்னாங்க. எங்க வாழ்க்கையே இந்த ஒரு வரியிலதான் ஓடுது.

எச்.ஐ.வி. பக்கம்: மாத்திரையை விடாம போட்டு, ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு போய் அது அப்படியே நின்னா, உடலுறவு மூலமா பரவாது, இதுல சந்தேகமே வேணாம். அரசு ஏஆர்டி சென்டர்ல இலவசமா குடுக்கற டிஎல்டி மாத்திரைதான் நானும் போடறேன், டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரையில, ராத்திரி 9 மணிக்கு அலாரம். நெஞ்செரிச்சலுக்கு அன்டாசிட் சிரப் குடிக்கிறவங்க மாத்திரையை அதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோ போடணும், சேர்த்து போட்டா டோலுடெக்ராவிர் உடம்புல சரியா ஏறாது.

ஹெபடைடிஸ் பி. பக்கம்தான் ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு நிதானமா படிங்க. அதே மாத்திரையில இருக்கற டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் கல்லீரல்ல இருக்கற இந்த வைரஸையும் அமுக்கி வச்சிருக்கு. திடீர்னு நிறுத்தினா அது சீறிக்கிட்டு எழும்பும், மஞ்சள் காமாலை வந்து கல்லீரலே செயலிழக்கற அளவுக்கு போகலாம். கீழாநெல்லி சாப்பிட்டா போதும்னு யாராவது சொன்னாங்கன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. வேற டாக்டர் எச்.ஐ.வி. மாத்திரையை மாத்தறேன்னு சொன்னாலும், "எனக்கு பி.யும் இருக்கு சார், டெனோஃபோவிர் தொடருதா?"ன்னு வாயைத் திறந்து கேட்டுடுங்க.

துணைக்கு பி. இல்லைன்னா தடுப்பூசி இருக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்! முதல்ல ரத்த டெஸ்ட், அப்புறம் 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி, கடைசி ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல எதிர்ப்பு சக்தி வந்துடுச்சான்னு டெஸ்ட், அளவு 10க்கு மேல இருக்கணும். அது வர்ற வரைக்கும் காண்டம் கட்டாயம். தட்டு, டம்ளர், கட்டிப்பிடிக்கிறது இதுல எல்லாம் பரவாது, ஆனா ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி தனித்தனி. காய்ஞ்ச ரத்தத்துல கூட இந்த வைரஸ் ஒரு வாரம் உயிரோட இருக்கும். எங்க பாத்ரூம் செல்ஃப்ல என் ரேசர் கைப்பிடியில சிவப்பு நூல் கட்டியிருக்கேன், தூக்கக் கலக்கத்துல கூட மாறாது.

ஹெர்பிஸ் இவரோடது. கொப்புளம் வர்றதுக்கு முந்தின நாளே அந்த இடத்துல ஒரு குறுகுறுப்பு, எரிச்சல் வரும்னு சொல்வார், அப்பவே டாக்டர் எழுதிக்குடுத்த ஹெர்பிஸ் மாத்திரை அசைக்ளோவிர் ஆரம்பிச்சுடுவார், புண்ணு காய்ஞ்சு புதுத்தோல் வர்ற வரைக்கும் உடலுறவு கிடையாது, காண்டம் போட்டாலும் கிடையாது, ஏன்னா அது மூடாத இடத்துலயும் புண்ணு இருக்கும். அக்கின்னு நெனச்சு காவி பூசறது, எண்ணெய் தடவறது எல்லாம் வேணாம். புண்ணு இல்லாத நாள்லயும் தோல்ல இருந்து வைரஸ் கொஞ்சம் கொஞ்சம் வெளிய வரும், அதனால மத்த நாள்ல காண்டம், அது ஆபத்தை குறைக்கும், முழுசா தடுக்காது, இதை தெரிஞ்சுதான் நாங்க சேர்ந்து இருக்கோம். காண்டம் கூட தேங்காய் எண்ணெய் போடாதீங்க, ரப்பர் கிழிஞ்சிடும், தண்ணி சார்ந்த ஜெல் மெடிக்கல்ல கேளுங்க.

இப்ப கோர்க்கற விஷயம். ஹெர்பிஸ் இருக்கறவங்களுக்கு எச்.ஐ.வி. தொத்தற வாய்ப்பு அதிகம், அந்தப் புண்ணு ஒரு திறந்த கதவு மாதிரி. நான் ஊருக்கு போய் நாலு நாள் மாத்திரையை தவறவிட்டு, அதே வாரம் இவருக்கு புண்ணும் வந்தா? அதனால மாத்திரை தவறினா மறைக்காம சொல்லிடுவேன், அடுத்த வைரல் லோடு வர்ற வரைக்கும் கூடுதல் கவனம். அந்த நேரத்துல காண்டம் கிழிஞ்சுட்டா நெகட்டிவா இருக்கறவர் 72 மணி நேரத்துக்குள்ள பெப் மாத்திரை (எச்.ஐ.வி. தொத்தாம தடுக்க அவசரத்துக்கு போடறது) ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சண்டை போடாதீங்க. ஹெர்பிஸ் வருஷக்கணக்குல சத்தமில்லாம இருக்கும், பி. பொறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம். எங்க மாமியாருக்கு இன்னும் தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல, சம்மதமில்லாம ஒருத்தரோட எச்.ஐ.வி. நிலையை வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டமே சொல்லுது. யார்கிட்டயாவது பேசணும்னா அரசோட எய்ட்ஸ் உதவி எண் 1097, இலவசம்.

பெண்கள் கருப்பைவாய் டெஸ்டை விடாதீங்க, எச்.ஐ.வி. இருந்தா ஹெச்பிவி வைரஸால புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடுதல், 25 வயசுல இருந்தே பண்ணிக்கணும்.

குழந்தை வேணும்னா தாராளமா பெத்துக்கலாம், முன்னாடியே டாக்டர்கிட்ட எல்லா வைரஸையும் சொல்லிடுங்க, எதையும் விடாம. பிரசவத்துக்கு எடுத்துட்டு போற பையில மேலாப்புல ஒரு சீட்டு வைங்க: குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள ஹெபடைடிஸ் பி. ஊசி, கூட இம்யூனோகுளோபுலின் (பி. வைரஸை உடனே எதிர்க்கற தயார் எதிர்ப்பு சக்தி ஊசி), அப்புறம் எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து. வலியில நமக்கு ஞாபகம் இருக்காது, கூட வர்றவங்க அந்த சீட்டை நர்ஸ் கையில குடுத்தா போதும்.