ஆரம்ப எழுத்த வச்சு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் புடிக்கிறது எப்படி?

டிக்‌ஷனரிய வரிசையா மனப்பாடம் பண்ணவே பண்ணாதீங்க, நிக்காது. ஒரே மாதிரி ஆரம்பிக்கிற வார்த்தைங்கள ஒரு பக்கத்துல கூட்டமா எழுதுங்க. "டெலி"ன்னா கிரேக்கத்துல தூரம், டெலிஃபோன் தூரத்து சத்தம், டெலிஸ்கோப் தூரத்துல இருக்கறத பாக்கறது. "சப்"ன்னா லத்தீன்ல கீழ, மரைன்னா கடல் சம்பந்தப்பட்டது, அப்போ சப்மரைன் என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

புது வார்த்தை வந்தா முன்னாடி இருக்கற துண்ட விரலால மறைச்சுட்டு மிச்சத்த பாருங்க. ட்ரான்ஸ்ப்ளான்ட்ல "ட்ரான்ஸ்"அ மறைச்சா ப்ளான்ட், அதாவது நடறது. ட்ரான்ஸ்ன்னா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம், அதனால ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல வைக்கறது, கிட்னிக்கும் அதேதான் நாத்துக்கும் அதேதான். மிச்சத்துக்கு அர்த்தமே வரலன்னா அது வேற குடும்பம்னு விட்டுடுங்க. யு, என் சேர்ந்த "அன்"னுக்கு "இல்ல"ன்னு அர்த்தம், ஆனா அங்கிள் கூட யு, என்னுல தான் ஆரம்பிக்குது, அதுக்கும் "இல்ல"ங்கற அர்த்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

நிறைய பேர் தடுமாறுற இடம் "இன்". இன்விசிபிள்னா கண்ணுக்கு தெரியாதது, சரி. ஆனா இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காதுன்னு நெனச்சுடாதீங்க, சட்டுனு தீப்பிடிக்கும்னு அர்த்தம்! அங்க வர்ற இன் "இல்ல"ங்கற இன் கிடையாது, இன்ஃப்ளேம் அதாவது பத்தவைக்கறதுங்கற வார்த்தைல இருந்து வந்தது. இன்னொன்னு, இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாமே அந்த "இல்ல"ங்கற இன் தான், நம்ம மரம் கூட கள் சேர்ந்தா மரங்கள் ஆகுதுல்ல, அதே மாதிரி அடுத்த எழுத்துக்கு ஏத்தபடி மாறிக்குது, அதனால நாலையும் ஒரே பக்கத்துல எழுதுங்க.

இன்டர்ன்னா ஒன்னுக்கொன்னு நடுவுல, இன்ட்ராவுன்னா ஒன்னுக்குள்ளயே, இன்டர்நெட்டுக்கும் இன்ட்ராநெட்டுக்கும் (ஒரு ஆபீசுக்குள்ளயே மட்டும் ஓடற நெட்வொர்க்) வித்தியாசம் இதுதான்.

இதெல்லாத்தையும் விட முக்கியமா நான் சொல்ல நெனைக்கறது ஹைப்பரும் ஹைப்போவும். ஹைப்பர்ன்னா அளவுக்கு மேல, ஹைப்போன்னா அளவுக்கு கீழ. ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்துல சர்க்கரை ஏறிப்போறது, ஹைப்போகிளைசீமியா இறங்கிப்போறது, சொல்லும்போது ரெண்டும் ஒன்னு மாதிரியே கேக்கும், ஆனா ஒன்னுக்கு பண்ற வைத்தியம் இன்னொன்னுக்கு ஆபத்து. தைராய்டுக்கும் இதே கதைதான். வீட்ல யாரோட மெடிக்கல் ரிப்போர்ட் வந்தாலும் ஹெச், ஒய், பி தாண்டி நாலாவது எழுத்து இ-யா ஓ-வான்னு தயவுசெஞ்சு நிதானமா பாருங்க, சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட "கூடவா கம்மியா"ன்னு நேராவே கேட்டுடுங்க.