ஐஎஸ்ஓ 9001: மெஷின் பக்கத்தில் நடத்திய வகுப்பு

எங்கள் பட்டறையில் ஐஎஸ்ஓ 9001 (தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) பயிற்சி என்றால் ஸ்லைடு ஓடும், ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். தரக் கொள்கையை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பீஸை அளக்கும் கருவியான கேஜில், அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டிய அளவுத்திருத்தத் தேதி தாண்டியிருந்தால் மட்டும் யார் கண்ணிலும் படாது.

2015 பதிப்பின் 7.3 பிரிவைத் திரும்பப் படித்தேன். தரக் கொள்கை, தனக்குரிய இலக்குகள், அதில் தன் வேலையின் பங்கு, விதிப்படி செய்யாவிட்டால் வரும் விளைவு இவையெல்லாம் ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லவே இல்லை!

சரி என்று ஸ்லைடுகளை ஓரங்கட்டிவிட்டு மெஷின் பக்கத்திலேயே பேசினேன். கேஜை எடுத்துக் காட்டி, "இது தப்பாக அளந்திருந்தால், பாஸ் பண்ணி அனுப்பிய பீஸ்களை என்ன செய்வது?" என்று கேட்டேன். லேத் ஆபரேட்டர் ஒருவர், "கடைசியா சரிபார்த்த தேதிக்கு அப்புறம் அளந்ததை எல்லாம் திரும்பப் பார்க்கணும் சார்" என்றார். 7.1.5 பிரிவு கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான். பிரிவு எண்ணை அதற்கப்புறம்தான் சொன்னேன். (எண் ஆடிட்டருக்குத்தானே முக்கியம்!) தேதி தாண்டிய கேஜை இப்போது அவர்களே கொண்டுவந்து தருகிறார்கள்.

கொள்முதல் பிரிவில் கேஜ் கதை எடுபடவில்லை. அங்கே அவர்கள் போட்ட பர்ச்சேஸ் ஆர்டரையே மேஜையில் வைத்து, வெளியிலிருந்து வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 8.4 பிரிவை விளக்க வேண்டியிருந்தது.