ஊர்ப் பெருமரங்களைப் பதிவது எப்படி?

இலுப்பையடி, அரசடி, புளியடி என்று யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி பெயர் இருக்கிறது. மரம்தான் எல்லா இடத்திலும் இல்லை. நிற்பவற்றையாவது, பிறகொருவர் போய் அளந்து ஒப்பிடக்கூடிய விதமாகப் பதிந்து வைக்கலாம். இரண்டு பேர் போதும்.

30 மீற்றர் துணி அளவுநாடா, சோக்கட்டி, கொப்பி, பென்சில், போன். தையல்நாடா 150 சென்ரிமீற்றர்தான். நெடுந்தீவில் நிற்கும் பருத்த பெருக்குமரத்துக்கு (பாவோபாப்) அது காணவே காணாது. காணிக்காரரிடமோ கோயில்காரரிடமோ கேட்டுவிட்டு இறங்குங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம்.

முதலில் சுற்றளவு. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாலு பக்கமும் சோக்கால் குறியிட்டு, குறிகளின்மேல் நாடாவைச் சுற்றுங்கள். குறியில்லாமல் சுற்றினால் பின்பக்கம் நாடா சரிந்துவிடும், சுற்றளவு கூடிக்காட்டும். அந்த உயரத்தில் முண்டு இருந்தால் அதற்குச் சற்று மேலோ கீழோ அளந்து, அளந்த உயரத்தையும் எழுதுங்கள். 1.3 மீற்றருக்குக் கீழேயே கவர் பிரிந்தால், கவருக்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் அளக்கவும். மலைநாட்டுச் சரிவில் மேட்டுப்பக்கமிருந்து 1.3 மீற்றர். ஆலமரத்தில்தான் அதிகம் பிழைக்கிறது: விழுதுகளையும் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். அடிமரத்தை மட்டும் அளந்து, நிலம் தொட்ட விழுதுகளைத் தனியாக எண்ணுங்கள்.

உயரத்துக்கு ஒரு தடி போதும். கையை நேரே நீட்டி, கண்ணிலிருந்து பிடிக்குள்ள தூரமும் பிடிக்கு மேலே நிற்கும் தடியின் நீளமும் சமமாக இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். பிடி மரத்தின் அடியோடும் தடிநுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னே போங்கள். அங்கிருந்து மரத்தடிக்குள்ள தூரமே உயரம். எங்கள் தட்டை நிலத்துக்கு இது நன்றாக ஒத்துவரும்.

இடத்தை வெளியான பக்கத்தில் நின்று, போனில் தசம எண்ணில் ஐந்து தானம்வரை எடுக்கவும். யாழ்ப்பாணத்தில் அகலாங்கு 9 என்றும், நெட்டாங்கு 80 என்றும் (நெடுந்தீவு போன்ற மேற்குத் தீவுகளில் 79 என்றும்) தொடங்க வேண்டும். மாறிப்போனால் உங்கள் புளியமரம் வடதுருவக் கடலில் நிற்கும். கண்ணிவெடிப் பலகை உள்ள பக்கம் எந்த மரத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

படம்: பக்கத்தில் ஆள் நிற்க முழுமரம், பட்டை, இலையின் இரு பக்கமும், பூ அல்லது காய். ஆலும் இத்தியும் பெயரில் குழம்பினால் படம்தான் தீர்த்துவைக்கும்.

கொப்பியில் வயதுக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள்; சுற்றளவை வைத்து வயது சொல்ல முடியாது. பனை மற்ற மரங்கள்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. பெருக்குமரத்தின் நடு கோறையாகிவிடும். "அப்பப்பா காலத்திலும் இப்படித்தான் நின்றது" என்று வீட்டுக்காரர் சொன்னால், அதை வாய்ச்சொல்லாகவே திகதியோடு எழுதுங்கள். எண்ணாக மாற்ற வேண்டாம்.