பலகையை உடைக்காமல் தூக்கியது – என் அனுபவம்

லண்டனில் நாங்கள் இருப்பது விக்டோரியா காலத்து வீடு. மாடியில் தரை முழுக்க மரப்பலகைதான். படுக்கையறையில் புது பிளக் பாயிண்ட்டுக்குப் பலகைக்கு அடியில் வயர் இழுக்க வேண்டியிருந்தது.

முதல் பலகையை அவசரப்பட்டு நெம்பினேன், ஓரம் பிளந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் தாங்கிய மரம், மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் பூட்டியிருந்தது. அதை அறுக்காமல் பலகை எழும்பாது.

அப்புறம் மெயினை அணைத்துவிட்டு, கைரம்பத்தால் இரு பக்கமும் நாக்கை மட்டும் அறுத்தேன். ரம்பம் ஆழமாக இறங்கக் கூடாது. ஹீட்டிங் குழாயும் பழைய வயரும் பல வீடுகளில் பலகையை ஒட்டியே ஓடும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அகலமான உளியை நுழைத்து, ஆணி இருக்கும் இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். முழுசாக வந்தது!

அடியில் உள்ள தாங்குகட்டையின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் கீழே துளை போட்டு வயரைக் கொண்டுபோனேன். அதைவிட விளிம்புக்கு நெருக்கமாகப் போனால், ஆணி குத்தாதபடி உலோகக் காப்பு போட வேண்டும் என்பது இங்குள்ள விதி. இணைப்பை எலக்ட்ரீஷியன் கொடுத்தார்.

பலகையைத் திரும்ப ஆணியால் அடிக்கவில்லை, திருகாணிதான் போட்டேன். வயர் போகும் தடத்தைப் பலகை மேலேயே பென்சிலால் குறித்திருக்கிறேன்.