டோக்கியோவில் முதல் நாள்: ஷின்ஜுகுவில் வழி தவறாமல் ரயில் ஏறி இறங்குவது எப்படி?

டோக்கியோவில் ஐந்து நாள் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன். அந்த நகரத்தின் ஒழுங்கு முதலில் மிரட்டுகிறது. யாரும் சத்தம் போடுவதில்லை, எல்லோருக்கும் போகுமிடம் தெரிந்திருக்கிறது, நாம் மட்டும் நடுவில் நிற்கிறோம். ஆனால் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தரையிலும் மஞ்சள் பலகைகளிலும் எழுதித்தான் இருக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் போதும்.

விசா, தங்குமிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. முதலில் சூய்கா அட்டை வாங்குங்கள். முன்கூட்டியே பணம் ஏற்றி, நிலையத்தின் தானியங்கிக் கதவில் தொட்டுவிட்டுப் போகும் பயண அட்டை அது. 500 யென் முன்பணம் பிடிப்பார்கள். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில், சுரங்க ரயில், நகரப் பேருந்து, கடைகள் என்று பெரும்பாலான இடங்களில் செல்லும். ஒவ்வொரு பயணத்துக்கும் டிக்கெட் வாங்குவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கட்டண வரைபடத்தின் முன் நின்றே பாதி நாள் போய்விடும். பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் வாங்கும், ஆயிரம் யென் தாள்களைக் கையில் வைத்திருங்கள்.

2. ரயில் ஏறும் முன்பே வெளியேறும் வாசலைத் தீர்மானியுங்கள். நான் தவறியது இங்கேதான். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். என் விடுதி மேற்குப் பக்கம். கூட்டம் போன திசையில் நானும் போய்க் கிழக்கு வாசலில் வெளியே வந்துவிட்டேன். வரைபடத்தில் விடுதி கூப்பிடு தூரத்தில் தெரிந்தது, ஆனால் இடையில் தண்டவாளங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: 2020 ஜூலையில் திறந்த கிழக்கு-மேற்கு இலவச நடைபாதை அங்கே இருக்கிறது. அட்டையைத் தொடாமலே நிலையத்துக்குக் கீழாக அந்தப் பக்கம் போய்விடலாம். அதைவிட நல்லது, தவறாமல் இருப்பது. ரயிலை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு நகராதீர்கள். ஒரு தூணோரம் ஒதுங்கி, மஞ்சள் பலகையில் உங்கள் வாசலின் பெயரைத் தேடுங்கள். வெளியேறும் வழிகளுக்கு மஞ்சள் நிறம். வாசலின் பெயரை ஜப்பானிய எழுத்திலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது காட்டினால் போதும்.

3. நடைமேடையில் தரையைப் பாருங்கள். பெட்டியின் கதவு எங்கே வந்து நிற்குமோ அங்கே கோடு போட்டிருப்பார்கள். என் முன்னால் நின்ற ஒரு பாட்டி, செருப்பின் நுனி கோட்டைத் தாண்டியதைக் கவனித்து அரை அங்குலம் பின்னால் நகர்ந்தார். பார்க்க அங்கே யாருமில்லை, ரயிலும் இன்னும் வரவில்லை. அந்த அரை அங்குலத்தில் எனக்கு அந்த ஊர் புரிந்தது.

4. உள்ளே போனதும் கைபேசியை ஒலியில்லாமல் வையுங்கள், பேசாதீர்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். யமனோதே வட்டத் தடத்தில் நிலையத்தின் பெயரைவிட எண்ணை நம்புங்கள்: ஷின்ஜுகு ஜே.ஒய். 17, ஷிபுயா ஜே.ஒய். 20. எதிர்த்திசையில் ஏறிவிட்டாலும் பதற்றம் வேண்டாம், முழுச் சுற்றே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

5. நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நில்லுங்கள். ஒசாகாவில் இது நேர்மாறு.

6. குப்பைக்கு ஒரு பை எடுத்துச் செல்லுங்கள். 1995 சுரங்க ரயில் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நான் ஒரு காலிப் புட்டியை அரை நாள் சுமந்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். அட்டையைத் தொட்டு உள்ளே போனபின் தவறு தெரிந்து, ரயில் ஏறாமல் அதே நிலையத்தில் வெளியேற முயன்றால் பல இடங்களில் கதவு மூடிக்கொள்ளும். மறுபடி மறுபடி தொடாதீர்கள். கதவு வரிசையின் ஓரத்தில் ஊழியர் அமர்ந்திருக்கும் சன்னலுக்குப் போய் அட்டையை நீட்டுங்கள். அவர் பதிவை நீக்கிக் கொடுத்துவிடுவார். அட்டையில் பணம் போதாமல் கதவு மூடினால், உள்பக்கமே கட்டணச் சரிபார்ப்பு இயந்திரம் இருக்கும்; குறைவதை அங்கே ஏற்றிக்கொண்டு வெளியே வரலாம்.