பிள்ளைகளுக்கு மர வீடு: ரம்பத்தை எடுக்கும் முன் போட வேண்டிய திட்டம்

மர வீடு கட்டலாம் என்றதும் எல்லோரும் அண்ணாந்து கிளையைத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது தரையை. ஏறுகிற பிள்ளை என்றாவது ஒருநாள் விழத்தான் செய்யும். எவ்வளவு உயரத்திலிருந்து, எதன் மேல் விழும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

படி 1: உயரமும் விழும் இடமும்

முதல்முறை கட்டுபவர்கள் தளத்தை 1.5 மீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரு மீட்டரே தாராளம்; அவர்களுக்கு அதுவே மாடிதான். தளத்தின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 1.8 மீட்டருக்குக் கல், வேலி, தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. மின்கம்பி போகும் பக்கமே போகாதீர்கள். அந்த இடம் முழுக்க மரச்சில்லுகளை 30 செ.மீ. பரப்புங்கள், மிதிபட்டு அமுங்கிய பிறகும் 23 செ.மீ. நிற்க வேண்டும். புல்தரை போதாதா என்றால், போதாது. நடந்து நடந்து இறுகிவிட்டால் அதுவும் கட்டாந்தரைதான்.

படி 2: மரத்தின் மேலா, பக்கத்திலா?

என்னைக் கேட்டால் பக்கத்தில். நாலு கம்பம் நட்டு அதன்மேல் வீடு, மரம் நிழலுக்கு மட்டும். காரணம், மரம் சும்மா நிற்பதில்லை. காற்றில் ஆடும், வருடாவருடம் பருக்கும். இரண்டு மரங்களை ஒரே உத்தரத்தால் இறுக்கிக் கட்டினால், ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் ஆடி எதையாவது பிய்த்துவிடும். கயிறோ கம்பியோ அடிமரத்தைச் சுற்றிக் கட்டுவது இன்னும் மோசம். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவு ஓடுகிறது. மரம் பருக்கப் பருக்க அந்தக் கட்டு அதன் கழுத்தை நெரிக்கும்.

மரத்தின் மேல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தளம் வரும் இடத்தில் அடிமரம் குறைந்தது 30 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். வேரடியில் காளான், தட்டினால் பொந்து சத்தம், காய்ந்த பெருங்கிளை, இதில் ஏதாவது இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். பல ஆணிகளை அடிப்பதைவிடத் தடிமனான ஒரே போல்ட் மரத்துக்கு நல்லது; நெருக்கமான காயங்கள் ஒன்றுசேர்ந்து உளுத்துப்போகும். கட்டும் முன் மரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தளத்தின் நடுவே மரம் போனால் சுற்றிலும் 5 செ.மீ. விடுங்கள், பருக்க இடம் வேண்டும்.

படி 3: எடை

சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 2×2 மீட்டர் தளம் என்றால் 800 கிலோ. இரண்டு பிள்ளைகளுக்கு இவ்வளவா என்று தோன்றும். பிறந்தநாளுக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஒரே மூலையில் குதிக்கும்போது புரியும். உத்தரம் கம்பத்தின் பக்கத்தில் வெறும் போல்ட்டில் தொங்கக் கூடாது. கம்பத்தின் தலையில் பள்ளம் வெட்டி அதில் உட்கார வையுங்கள். எடையைக் கட்டை தாங்கட்டும், போல்ட் பிடித்துக்கொண்டால் போதும். நாலு கம்பம் மட்டும் என்றால் பக்கவாட்டில் ஆடும், அதனால் கம்பத்துக்கும் உத்தரத்துக்கும் இடையே மூலைவாட்டில் அடிக்கும் சாய்வுக் கட்டைகளை விட்டுவிடாதீர்கள். கம்பங்கள், உத்தரங்களின் கனத்தை ஒரு தச்சரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: இடைவெளி

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் ஆபத்து. பிள்ளை காலை விட்டு நழுவினால் உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். எனவே கைப்பிடித் தடுப்பின் சட்டங்களுக்கு நடுவே 9 செ.மீ.க்குக் குறைவாகவும், ஏணிப் படிகளுக்கு நடுவே 23 செ.மீ.க்கு அதிகமாகவும், 30-க்கு மிகாமலும் வையுங்கள். 9 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டைத் துண்டை அறுத்து, முடிந்ததும் தடுப்பின் ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அங்கே இன்னொரு சட்டம் அடிக்க வேண்டும். தடுப்பு ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும், சட்டங்கள் செங்குத்தாக இருக்கட்டும். படுக்கையாக அடித்தால் அது தடுப்பில்லை, இன்னொரு ஏணி.

படி 5: சாமான்

துத்தநாக முலாம் பூசிய போல்ட், ஸ்க்ரூ வாங்குங்கள். ஆணி நாளடைவில் வெளியே எழும்பும். பழைய தண்டவாளக் கட்டை, மர மின்கம்பம் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். உளுக்காமல் இருக்க அவற்றில் ஏற்றும் கிரியோசோட், ஆர்சனிக் மருந்துகள் பிள்ளைகள் தொடக்கூடியவை அல்ல. கை படும் இடமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சிலாம்பை எடுத்துவிடுங்கள். அப்புறம், கயிறு. நுனி தொங்கும் கயிறும், சுருக்கு விழக்கூடிய கயிறும் கழுத்தில் மாட்டும். ஏறுகயிறு வேண்டுமென்றால் மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டோடும் ஏற விடாதீர்கள். தலை தாராளமாக நுழைந்து வரும் சந்தில்கூட அது சிக்கும்.

படி 6: ஏறிப் பார்ப்பது

முதலில் பெரியவர்கள் ஏறி, ஆட்டி, ஓரமாக நின்று பாருங்கள். கிறீச் சத்தம் எங்கே வருகிறதோ அங்கே நட்டை முடுக்குங்கள். புது மரம் காயக் காயச் சுருங்கும். முதல் சில மாதங்களில் எல்லா நட்டும் கொஞ்சம் தளரும். பிறகு ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பின்னும் கம்பத்தின் அடியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. அந்தக் கம்பத்தை மாற்றும்வரை ஏணியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.